வெளியார் கையும் வீட்டுக் கதவும்

(ஏலகிரி மலையில் தோல் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வகுப்பில் நிகழ்த்திய உரை)



பதினான்கு வளைவுகள் ஏறி இந்த மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து வந்தவர்கள் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள். ஆலங்காயம், கந்திலி பக்கத்திலிருந்து வந்தவர்கள் கூலிக்கு நாற்று நடுபவர்கள், களை எடுப்பவர்கள். நூல் மில் தோழர்களும் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த ஒரு நாள் கூலிக்கு ஈடாக எதையாவது நாம் கையோடு கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் மலைக் காற்று வாங்கிவிட்டுப் போனதாகத்தான் முடியும்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். வெளிநாட்டாரின் பலம் ஒரு தேசத்துக்குள் எப்படி நுழைகிறது? எந்த வழியாக நுழைகிறது? நுழைந்த பிறகு யாருக்கு உதவுகிறது, யாருடைய வயிற்றில் அடிக்கிறது?

இது படித்தவர்கள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம், நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 ஆகஸ்டு 27 அன்று அமெரிக்க சர்க்கார் நம் நாட்டுச் சரக்குகள் மீது விதித்த சுங்க வரி 50 சதவிகிதமாக உயர்ந்தது. கையெழுத்து விழுந்தது வாஷிங்டனில். ஆர்டர் வருமா, நிற்குமா என்ற கவலை வந்தது ஆம்பூரில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு. அந்தப் பெண் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் அமெரிக்காவின் கை அவள் சாப்பாட்டுத் தட்டு வரை நீண்டது. ஆகவே இது நம்முடைய விஷயம்தான்.

யார் இந்தப் பேராசிரியர்?

இந்த ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் ஆராய்ந்த ஒருவர் இருந்தார். பெயர் வேட் ஜாகோபி. அமெரிக்கர். யூட்டா மாகாணத்தில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர். 2020ல் காலமானார்.

அவர் நம் கொள்கைக்காரர் அல்ல. தொழிலாளி வர்க்கத்துக்காக எழுதியவரும் அல்ல. பிறகு ஏன் அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஊர் வைத்தியர் நம் கட்சியா என்று பார்த்தா மருந்து வாங்குகிறோம்? நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கிறாரா என்றுதான் பார்க்கிறோம். ஜாகோபி ஒரு நோயின் நடையைக் கவனமாகக் கண்டு எழுதியவர். அவர் கண்டதை எடுத்துக்கொள்வோம். அதை வைத்து என்ன செய்வது என்பதை நாமே முடிவு செய்வோம்.

அவர் ஆராய்ந்த இடம் எது? 1989ல் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் விழுந்த நாடுகள். கிழக்கு ஜெர்மனி, போலந்து, ஹங்கேரி, செக்கோஸ்லோவாகியா முதலியன. ஆட்சி விழுந்த மறுநாளே அந்த நாடுகளுக்கு மேற்கேயிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். பணம் வந்தது. சட்ட நகல்கள் வந்தன. இப்படிச் செய், அப்படிச் செய் என்ற உத்தரவுகள் வந்தன. இவற்றில் எது வேர் பிடித்தது, எது பட்டுப்போனது, ஏன்? இதுதான் அவர் கேட்ட கேள்வி.

ஜெர்மனியில் நடந்தது

அவருடைய முதல் புத்தகம் 2000ல் வெளிவந்தது. ஜெர்மனியைப் பற்றியது. அதில் அவர் இரண்டு காலங்களை அருகருகே வைத்துப் பார்த்தார். 1945ல் யுத்தம் முடிந்ததும் அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் மேற்கு ஜெர்மனியை ஆக்கிரமித்து, தங்கள் நாட்டு முறைகளை அங்கே நட முயன்றன. இது முதல் காலம். 1990ல் இரு ஜெர்மனிகளும் ஒன்றானதும் மேற்கு ஜெர்மனி தன் முறைகளைக் கிழக்கில் நட முயன்றது. இது இரண்டாவது காலம். பள்ளிக்கூடம், தொழிலாளி முதலாளி உறவு, இந்த இரண்டு துறைகளையும் குறிப்பாக ஆராய்ந்தார்.

என்ன கண்டார்? வெளியிலிருந்து கொண்டுவந்த முறையை அச்சு அசலாக அப்படியே நட்டால் போதாது. உள்ளே ஏற்கெனவே உயிரோடிருக்கும் சங்கங்களும் அமைப்புகளும் அதைத் தங்களுடையதாக இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்துக்கொள்ள ஆள் இருந்த இடத்தில் அது பிடித்தது. ஆள் இல்லாத இடத்தில் பெயர்ப்பலகை மட்டும் நின்றது.

நம் விவசாயத் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மரக்கன்றை எங்கிருந்து வேண்டுமானாலும் கொண்டு வரலாம். தண்ணீர் ஊற்ற உள்ளூரில் ஆள் வேண்டும்.

கிழக்கு ஜெர்மனித் தொழிலாளிக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் பாருங்கள். 1990 ஜூலை 1 அன்று மேற்கு ஜெர்மனியின் மார்க் நாணயம் கிழக்கிலும் புழக்கத்துக்கு வந்தது. கூலி ஒன்றுக்கு ஒன்றாக மாற்றப்பட்டது. ஜனங்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் ஒரே இரவில் கிழக்கின் தொழிற்சாலைச் சரக்கு விலை ஏறிவிட்டது. சோவியத் யூனியனும் மற்ற கிழக்கு நாடுகளும் அந்த விலைக்கு மார்க் கொடுத்து வாங்க முடியவில்லை. கடைகளிலோ மேற்கத்திய சரக்கு வந்து குவிந்தது. அரசுத் தொழிற்சாலைகளை விற்பதற்காக ட்ராய்ஹாண்ட் என்ற ஸ்தாபனம் ஏற்படுத்தப்பட்டது. சுமார் 40 லட்சம் தொழிலாளர்களின் தலைவிதி அதன் மேஜைக்குப் போயிற்று. 1994 முடிவில் அது தன் வேலையை முடித்து மூடியபோது, ஆயிரக்கணக்கான தொழிற்சாலைகள் கைமாறியிருந்தன, அல்லது மூடப்பட்டிருந்தன. லட்சக்கணக்கானோர் வேலையை இழந்திருந்தார்கள்.

நம் தொழிலைச் சேர்ந்த ஒரு ஊரைச் சொல்கிறோம். வைசன்ஃபெல்ஸ் என்று பெயர். கிழக்கு ஜெர்மனியின் ஆம்பூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டின் காலணித் தொழிலுக்கு அதுதான் தலைநகரம். 'அமைதிக் கொடி' என்று பொருள்படும் பெயர் கொண்ட பெரிய காலணித் தொழிற்சாலை அங்கே இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். 1990க்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் அது இல்லாமல் போயிற்று. இன்று அந்த ஊர்க் கோட்டையில் காலணிகளை வைத்துக் காட்டும் ஒரு மியூசியம் இருக்கிறது. கையால் வேலை செய்த ஊர், இப்போது கண்ணால் பார்க்கும் ஊராகிவிட்டது.

சங்கம் இல்லையா என்று கேட்பீர்கள். மேற்கு ஜெர்மனியின் உலோகத் தொழிலாளர் சங்கம் கிழக்கிலும் வந்து காரியாலயம் திறந்தது. கிழக்கின் கூலியை 1994க்குள் மேற்கின் கூலிக்குச் சமமாக்குவது என்று 1991ல் ஒப்பந்தமும் போட்டது. 1993ல் முதலாளிகள் அந்த ஒப்பந்தத்தை ஒருதலைப்பட்சமாக ரத்து செய்தார்கள். அப்போது கிழக்கின் தொழிலாளர்கள் தாங்களே வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒப்பந்தத்தை மீட்டார்கள். ஆனால் சமகூலி 1996க்குத் தள்ளிப் போயிற்று. அதன் பிறகு முதலாளிகள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். முதலாளிகள் சங்கத்திலேயே சேராமல் இருந்துவிட்டார்கள். சங்கத்தில் இல்லாதவனை எந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும்? முறை மேற்கிலிருந்து வந்தது. அதன் உயிர் வரவில்லை.

நாம் மறைக்கக் கூடாத ஒன்று

இங்கே ஒரு உண்மையை நாமே சொல்லியாக வேண்டும். பிறர் சொல்லிக் கேட்டுக்கொள்வதைவிட நாம் சொல்வது நல்லது.

1989க்கு முன்பு அந்த நாடுகளில் வெளியார் கை இல்லையா? இருந்தது. 1956ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டிலும், 1968ல் செக்கோஸ்லோவாகியாவின் பிராகிலும் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. தொழிற்சங்கம் என்ற பெயரில் பெரிய பெரிய ஸ்தாபனங்கள் இருந்தன. லட்சக்கணக்கில் சந்தா வசூலாயிற்று. ஆனால் அந்தச் சங்கம் தொழிலாளியின் கையில் இல்லை. போலந்தில் க்டான்ஸ்க் கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் 1980ல் தனிச் சங்கம் கண்டார்கள் என்றால், இருந்த சங்கம் அவர்களுடையதாக இல்லை என்பதே காரணம். ஆட்சி விழுந்தபோது அதைக் காக்கத் தொழிலாளர்கள் தெருவுக்கு வரவில்லை என்பதற்கும் இதுவே முக்கியமான காரணம்.

அந்தப் போலந்துத் தொழிலாளர்களுக்குப் பிறகு என்ன கிடைத்தது? அவர்களுடைய இயக்கமே 1989ல் சர்க்கார் அமைத்தது. அந்த சர்க்கார் மேற்கத்திய ஆலோசனையோடு 1990 ஜனவரி 1 முதல் விலைக் கட்டுப்பாடுகளை நீக்கியது, மானியங்களை வெட்டியது. க்டான்ஸ்க் கப்பல் பட்டறை 1996ல் திவாலானது. எந்தத் தொழிலாளி எழுந்து நின்றதால் ஆட்சி மாறியதோ, அதே தொழிலாளியின் பட்டறை கைவிட்டுப் போயிற்று. ஒருவர் கையை உதறிவிட்டு இன்னொருவர் கையைப் பிடித்தால் மட்டும் விடுதலை வந்துவிடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஓட்டல் பட்டியல்

ஜாகோபியின் இரண்டாவது புத்தகம் 2004ல் வந்தது. அந்த ஆண்டு மே 1 அன்று, தொழிலாளர் தினத்தன்று, எட்டு முன்னாள் கம்யூனிஸ்ட் நாடுகள் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தன. சேர வேண்டுமானால் யூனியனின் சட்டம் முழுவதையும் ஏற்க வேண்டும். சுமார் 80,000 பக்கங்கள் என்று சொல்வார்கள். ஹங்கேரியும் செக் நாடும் வைத்தியம், விவசாயம், நுகர்வோர் பாதுகாப்பு, ராணுவம் முதலிய துறைகளில் இந்தச் சட்டங்களையும் வழக்கங்களையும் எப்படி எடுத்துக்கொண்டன என்று அவர் பார்த்தார்.

அந்தப் புத்தகத்தில் அவர் சொல்லும் உவமை, ஓட்டலில் பட்டியலைப் பார்த்துச் சாப்பாடு கேட்பது. சில விஷயங்களில் அந்த நாடுகள் தாமாக விரும்பி, மேற்கில் இருப்பதை அப்படியே நகல் எடுத்தன. சில விஷயங்களில் ஏறக்குறைய அதைப் பார்த்து, தமக்கு ஏற்றபடி மாற்றிச் செய்துகொண்டன. சிலவற்றில் 'இந்த அளவுக்காவது வந்தால்தான் உள்ளே விடுவோம்' என்று நிர்ப்பந்தம் வந்தது. இன்னும் சிலவற்றில் 'இந்தச் சட்டத்தை ஒரு எழுத்தும் மாறாமல் ஒட்டிக்கொள்' என்று கட்டளையே வந்தது. கிழிந்த துணியில் ஒட்டுப் போடுவது போல.

இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விரும்பி எடுத்ததா, நிர்ப்பந்தமா? அப்படியே எடுத்ததா, நமக்கு ஏற்றபடி மாற்றியதா? வெளியிலிருந்து எது வந்தாலும் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

நாம் ஒரு வார்த்தை சேர்க்கிறோம். ஆம்பூர் பிரியாணிக் கடையில் பட்டியலைப் பார்த்து என்ன வேண்டுமென்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் பட்டியலை எழுதுகிறவர் கடைக்காரர். பையில் எவ்வளவு காசு இருக்கிறது என்பதும் ஒரு விஷயம். பசியோடு உட்கார்ந்திருப்பவன் பேரம் பேச மாட்டான்.

மூன்று வழிகள்

2006ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் வெளியார் பலம் நுழையும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்.

முதல் வழி, தூண்டுதல். வெளியார் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் செய்ததைப் பார்த்து இங்குள்ளவர்கள் தாமாகவே எழுகிறார்கள்.

இரண்டாவது வழி, கூட்டு. வெளியார் உள்ளூரில் ஒரு பகுதியாரோடு கைகோத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பணமோ, ஆதரவோ, கௌரவமோ கொடுத்து அவர்கள் கையைப் பலப்படுத்துகிறார்கள்.

மூன்றாவது வழி, உள்ளூர்க்காரரை ஒதுக்கிவிட்டு வெளியாரே உட்கார்ந்து காரியத்தைச் செய்வது.

இந்த மூன்றில் மூன்றாவது வழி நிலைப்பது அரிது, இரண்டாவது வழிதான் அதிகம் வேலை செய்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். வெளியார் கை எவ்வளவு நீளமானதாக இருந்தாலும், உள்ளே தாழ்ப்பாளைத் திறக்க ஒரு கை வேண்டும்.

தோழர்களே! அன்னியச் செல்வாக்கு என்றாலே கெட்டது என்று நாம் சொல்ல முடியாது. சிகாகோ தொழிலாளர்கள் 1886ல் எட்டு மணி நேர வேலைக்காகப் போராடினார்கள். அதைக் கேட்டு, 1923ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுதான் முதல் மே தினம். அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். சிங்காரவேலரை யாரும் கூலி கொடுத்து அனுப்பவில்லை. ஒரு நல்ல விஷயத்தைக் கேட்டார், தம் ஜனங்களுக்கு வேண்டுமென்று எடுத்துக்கொண்டார். இது தூண்டுதல். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆகவே கேள்வி, வெளியிலிருந்து வந்ததா என்பதோடு நிற்கக் கூடாது. உள்ளே யார் கையில் சேர்ந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

ருஷ்யாவில் திறந்த கை

ருஷ்யாவைப் பாருங்கள். 1992 ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஜனங்களின் வாழ்நாள் சேமிப்பு சில மாதங்களில் கரைந்து போயிற்று. அமெரிக்க சர்க்காரின் பணத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆலோசகர்கள் மாஸ்கோவில் உட்கார்ந்தார்கள். மந்திரி சுபாய்சைச் சுற்றியிருந்த ஒரு சிறு கூட்டத்தோடு அவர்கள் கைகோத்துக்கொண்டார்கள். 1995ல் ருஷ்ய சர்க்காருக்குக் கடன் கொடுத்த பாங்குக்காரர்கள், பெரிய பெரிய எண்ணெய், உலோகத் தொழிற்சாலைகளின் பங்குகளை அடிமாட்டு விலைக்குக் கைப்பற்றினார்கள். 1998 ஆகஸ்டில் நாடே கடன் கட்ட முடியாமல் நின்றது. ஆண்களின் சராசரி ஆயுள் 1990ல் சுமார் 64 வயதாக இருந்தது, 1994ல் 58 வயதுக்கும் கீழே இறங்கியது. யுத்தம் இல்லாத ஒரு நாட்டில் இது நடந்தது.

அந்த ஆலோசகர்களில் சிலர் ஆலோசனை சொல்லும்போதே அங்கே தங்கள் சொந்தப் பணத்தையும் முதலீடு செய்தார்கள் என்று அமெரிக்க சர்க்காரே 2000ல் வழக்குப் போட்டது. 2005ல் ஹார்வர்டு 2 கோடியே 65 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. இந்தக் கதையையும் போலந்தில் மேற்கத்திய ஆலோசகர்கள் நடந்துகொண்ட விதத்தையும் ஜானின் வெடல் என்ற மானிடவியல் அறிஞர் 1998ல் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

அந்த நாட்டின் வீழ்ச்சி நம் ஊர் வாசலிலும் விழுந்தது. 1953 டிசம்பரில் இந்தியாவும் சோவியத் யூனியனும் வியாபார ஒப்பந்தம் செய்துகொண்டன. டாலர் வேண்டாம், ரூபாயிலேயே கணக்கு என்று வியாபாரம் வளர்ந்தது. நம் நாட்டுத் தோல் காலணிகளை ஏராளமாக வாங்கிய தேசம் அது. 1991ல் சோவியத் யூனியன் கலைந்தபோது அந்த ஆர்டர்கள் நின்றன. ஆக்ராவின் காலணித் தொழிலாளர் தெருக்கள் அந்த அடியை நேராக வாங்கின. ஒரே ஒருவரை நம்பியிருப்பவன், அவர் நல்லவராக இருந்தாலும், அவர் விழும்போது தானும் விழுகிறான்.

தஞ்சாவூரில் நடந்தது

இதெல்லாம் ஐரோப்பாவில் என்று நினைக்காதீர்கள். விவசாயத் தோழர்கள் இதைக் கவனியுங்கள்.

1960ல் அமெரிக்காவின் போர்டு பவுண்டேஷன் உதவியோடு நம் நாட்டில் ஒரு விவசாயத் திட்டம் தொடங்கியது. விதை, உரம், பூச்சி மருந்து, கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகச் சில மாவட்டங்களுக்குக் கொடுப்பது. தமிழ்நாட்டில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் தஞ்சாவூர். பிரான்சின் பிராங்கல் என்ற அமெரிக்க அரசியல் விஞ்ஞானி தஞ்சாவூர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களை ஆராய்ந்து 1971ல் புத்தகம் வெளியிட்டார். விளைச்சல் கூடியது. ஆனால் நிலமும் கடன் வாங்கும் வசதியும் உள்ளவர்களுக்கே பெரும்பங்கு லாபம் போயிற்று, ஏற்றத்தாழ்வு விரிந்தது, கிராமத்தில் பகை முற்றியது என்று அவர் எழுதினார்.

வெளியிலிருந்து வந்த மூட்டை யார் வீட்டுத் திண்ணையில் இறங்கியது? மிராசுதார் வீட்டுத் திண்ணையில். நாற்று நட்டவனுக்கு என்ன வந்தது? கூலியைக் கூட்டிக் கேட்டான், செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தத் தீயை அமெரிக்கா வைத்தது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய். வைத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஆனால் விளைச்சலைக் கூட்ட வந்த திட்டம், விளைவித்தவனின் பங்கைப் பற்றி ஒரு வரியும் கேட்காமல் வந்தது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

பாலாற்றங்கரையில் நடந்தது

இப்போது மலையிலிருந்து கீழே பாருங்கள். வாணியம்பாடி தெரிகிறது. அதை ஒட்டி ஓடிய பாலாறு தெரிகிறது.

1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. அடுத்த மாதமே மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. பெண்டாகுளோரோபினால் என்ற மருந்து ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தச் சரக்கு உள்ளே வரக்கூடாது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க நம் டேனரிகளில் பயன்படுத்திய மருந்து அது. ஜெர்மனியோ நம் தோலுக்குப் பெரிய வாடிக்கைக்காரர். என்ன நடந்தது? ஏற்றுமதியாளர்களும் சர்க்காரும் சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் ஓடியாடி வேலை செய்தார்கள். மாற்று மருந்து வந்தது. சோதனைச்சாலைகள் வந்தன. சில ஆண்டுகளுக்குள் அந்த மருந்து ஒழிந்தது.

நல்ல காரியம். அந்த மருந்து நம் தொழிலாளியின் கைக்கும் கெடுதிதான். ஆனால் அதே ஆண்டுகளில் இன்னொரு விஷயம் என்ன ஆயிற்று?

டேனரிக் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வு நீதிமன்றத்தின் முன் வந்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் ஒரு கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசையும் நஷ்டஈட்டையும் பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஜெர்மன் வாடிக்கைக்காரரின் காலில் படும் தோலிலிருந்து விஷத்தை எடுக்கச் சில ஆண்டுகள் போதும். வாணியம்பாடி விவசாயியின் கிணற்றிலிருந்து விஷத்தை எடுக்க முப்பது ஆண்டுகள் போதவில்லை. ஏன்? முதல் விஷயத்தில் வெளியார் கையும் உள்ளே லாபம் பார்க்கிறவர் கையும் சேர்ந்தன. சரக்கு போகாவிட்டால் அவருக்கு நஷ்டம். இரண்டாவது விஷயத்தில் விவசாயியும் தொழிலாளியும் தனித்தனியாக நின்றார்கள். டேனரித் தொழிலாளி 'டேனரி மூடினால் என் சோறு போகும்' என்றான். விவசாயி 'டேனரி நடந்தால் என் நிலம் போகும்' என்றான். இருவரையும் எதிரெதிராக நிறுத்திவிட்டு நடுவில் தப்பித்தவர்கள் உண்டு.

இன்றும் அதே கதைதான். வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட்டர் வருகிறார். தீயணைப்புக் கருவி இருக்கிறதா, கக்கூஸ் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிறார். பார்க்கட்டும், நல்லது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஜோடிக் கணக்கில் கையால் தைக்கும் பெண்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஏஜெண்டு கொடுத்துவிட்டுப் போகிறார், ஏஜெண்டு வாங்கிக்கொண்டு போகிறார். இ.எஸ்.ஐ. இல்லை, பி.எப். இல்லை. அவர்கள் வீட்டு வாசற்படியை எந்த ஆடிட்டர் ஏறியிருக்கிறார்? கையெழுத்திட்ட தாளில் அவர்கள் பெயரே இல்லை.

திண்டுக்கல் காட்டும் வழி

வேறு விதமாக நடக்கவே நடக்காதா? நடந்திருக்கிறது. மில் தோழர்கள் இதைக் கேளுங்கள்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு துணித் தொழிற்சாலையைச் சேர்ந்த இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். தொழிற்சாலைக்குள் பெண்கள் படும் பாலியல் தொல்லை வெளியே வந்தது. தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்ற, தலித் பெண்கள் முன்நின்று நடத்தும் சங்கம், விடாமல் போராடியது. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் அதற்குத் துணை நின்றன. 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் ஏற்பட்டது. தொழிற்சாலை முதலாளி கையெழுத்திட்டார். சரக்கு வாங்கும் எச் அண்ட் எம் என்ற பெரிய கம்பெனியும், பின்னர் வேறு இரண்டு கம்பெனிகளும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டன. ஒப்பந்தத்தை முதலாளி மீறினால் ஆர்டரில் கை வைப்போம் என்று எழுதிக் கொடுத்தன. தொழிற்சாலைக்குள் புகாரைக் கவனித்தவர்கள் சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளிப் பெண்களே. இதில் 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அடங்கினார்கள்.

அதே 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்க இலாகா அந்தத் தொழிற்சாலைச் சரக்குக்குத் தடை போட்டது. தடை நீடித்தால் தொழிலாளிக்குத்தான் வேலை போகும். இந்த ஒப்பந்தம் கையில் இருந்தது. நிலைமை திருந்தியிருக்கிறது என்று காட்ட முடிந்தது. செப்டம்பரில் தடை நீங்கியது.

இங்கேயும் வெளியார் கைதான். இங்கேயும் கூட்டுதான். ஜாகோபி சொன்ன அதே இரண்டாவது வழிதான். ஆனால் உள்ளே தாழ்ப்பாளைத் திறந்த கை தொழிலாளிப் பெண்ணின் கை. அதனால் வந்தது அவளுக்கு வந்தது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஜாகோபி தம் பிற்கால எழுத்தில் ஹங்கேரி சீனாவை நோக்கித் திரும்பியதையும் ஆராய்ந்தார். பேச்சு எவ்வளவு, உண்மையில் வந்தது எவ்வளவு என்று ஒப்பிட்டார். மேற்கு என்றாலும் கிழக்கு என்றாலும் கேள்வி ஒன்றுதான்.

ஆகவே கீழே இறங்கிப் போகும்போது நான்கு கேள்விகளைக் கொண்டு போங்கள். வெளியிலிருந்து கடன் வருகிறதா, கம்பெனி வருகிறதா, சட்டம் வருகிறதா, ஆடிட்டர் வருகிறாரா, எது வந்தாலும் கேளுங்கள்.

ஒன்று, இதை வேண்டுமென்று கேட்டவர் யார்? நாமா, நம் பெயரைச் சொல்லி வேறொருவரா?

இரண்டு, இது உள்ளே யார் கையில் வந்து சேர்கிறது?

மூன்று, சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்கப் போகிறவர் யார்? அந்தப் பட்டியலில் நம் ஆள் ஒருவராவது உண்டா?

நான்கு, நாளைக்கு அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டால் நம்மிடம் மிஞ்சுவது என்ன?

இந்த நான்குக்கும் பதில் சொல்ல வேண்டுமானால் நமக்கு முதலில் ஒரு சங்கம் வேண்டும். பெயர்ப்பலகைச் சங்கம் போதாது, அதன் கதியைக் கிழக்கு ஜெர்மனியில் பார்த்தோம். சந்தா கொடுக்கிறவன் எழுந்து தலைவரைக் கேள்வி கேட்கக்கூடிய சங்கம் வேண்டும். ஷூ கம்பெனியில் உள்ள பெண்ணும், வீட்டில் மேல்பாகம் தைக்கும் பெண்ணும், பாலாற்றங்கரையில் நிலம் கெட்டுக் கூலிக்குப் போகும் விவசாயத் தொழிலாளியும் ஒரே பாயில் உட்காரும் சங்கம் வேண்டும். இவர்கள் தனித்தனியாக இருக்கும்வரை வெளியிலிருந்து வரும் எந்த நல்லதும் இவர்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடும், எந்தக் கெட்டதும் இவர்கள் வீட்டுக்கே நேராக வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் உங்கள் தெருவில் வீட்டிலிருந்து தைக்கும் பெண்கள் எத்தனை பேர், ஒரு ஜோடிக்கு என்ன கூலி, எந்த ஏஜெண்டு கொடுக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். விவசாயத் தோழர்கள் உங்கள் ஊரில் எத்தனை கிணறு கெட்டது, எத்தனை குடும்பத்துக்கு நஷ்டஈடு வந்தது, எத்தனைக்கு வரவில்லை என்று எழுதி வாருங்கள். பேராசிரியர்கள் செய்யும் ஆராய்ச்சி இதுதான். நம் கணக்கை நாமே எழுதத் தொடங்குவோம்.

அந்த நோட்டு கையில் இருந்தால், கதவைத் தட்டுகிறவர் யாராக இருந்தாலும் நாம் எழுந்து போய், யார் என்று கேட்டுவிட்டுத் திறக்கலாம்.